விழுந்தவளுக்கு ஸ்தோத்திரம்

சுண்ணாம்பு வாசனைதானே இது, சுவரிலிருந்து வருவதுதானே. நேற்றோ முந்தாநாளோ இந்தத் தொட்டிக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள், வெள்ளையடித்த இடத்தில் சுண்ணாம்பு வாசனை வராமல் பிச்சிப்பூ வாசனையா வரும். சரி. ஆனால் நான் விழப்போகும்போதும் எனக்கு வருவது இதே வாசனைதான், அதுதான் பெரும்பாடாக இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பு மூக்குக்குள் ஏறி நிற்கும், பிறகு இடது கைக் கட்டைவிரல் தானாகத் துடிக்கும், பிறகு நான் அங்கே இருக்க மாட்டேன். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும். கட்டைவிரலைப் பார்த்துக்கொள்கிறேன். சும்மாதான் இருக்கிறது. நல்ல பிள்ளை. அதைத் துப்பட்டாவுக்குள் வைத்து மற்ற விரல்களால் இறுக்கி மூடிக்கொள்கிறேன், பிடித்துக்கொண்டால் துடிக்காது என்று யார் சொன்னார்களோ. எனக்கு முன்னால் வெள்ளைத் துணி உடுத்திய முதுகுகள். ஆண்கள் வரிசை முடிந்துவிட்டது, இப்போது பெண்கள். கோயம்புத்தூரின் ஓரத்தில், மூடிப்போன மில்லின் சுவருக்குப் பின்னால் எங்கள் சபையின் தகரக்கூரைக் கட்டடம், அதன் பின்பக்கத்தில் இந்தச் சிமெண்டுத் தொட்டி, காலையில் லாரித் தண்ணீர் வந்து நிரப்பியிருக்கிறது. பாஸ்டர் தேவநேசன் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். ஒவ்வொருத்தியாகப் படியிறங்கிப் போகிறார்கள், அவர் ஒரு கையால் மூக்கைப் பொத்தி மறு கையைப் பிடரியில் கொடுத்து மல்லாக்கச் சாய்த்து முழுக்கி எடுக்கிறார், எழும்பி வருகிறவளுக்கு எல்லோரும் அல்லேலூயா சொல்கிறார்கள். ஞானஸ்நானம். பழைய மனுஷி உள்ளே போய்ப் புது மனுஷி வெளியே வர வேண்டும். உள்ளே போகிற நேரம் பார்த்து அந்தக் கட்டைவிரல் துடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது. எனக்கு வலிப்பு நோய் இருப்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. மாத்திரையை நிறுத்தி வெகுநாளாகிறது.

எனக்கு முன்னால் நிற்கிறவளுக்கு என் அம்மா வயது இருக்கும். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது. இவளிடம் கேட்டுப் பார்த்தால் என்ன. இவளுக்கும் வாசனை வந்தால் அது சுவருடைய வாசனை, வராவிட்டால் என்னுடையது. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது எதற்கு இந்தத் தவிப்பு என்று எனக்கே சிரிப்பு வந்தது. "சிஸ்டர், இங்க ஏதாச்சும் வாசனை வருதா உங்களுக்கு?" என்றேன். அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு வருதுங்களா?" என்றாள். "வருது." கண்ணை மூடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். கண்ணோரத்தில் நீர் வந்துவிட்டது. "ஆமாங் சிஸ்டர். இப்பத்தானுங் வருது. பரலோகத்து வாசனைங். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். உங்களுக்குப் பக்கத்துல நிக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்" என்று என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது. இந்தப் பழமொழியைக்கூடச் சபைக்குள் வாய்விட்டுச் சொல்ல முடியாது, பிள்ளையார் விக்கிரகம். இப்போது வாசனை என்னுடையதா சுவருடையதா என்பது போய், அவளுடையதா என்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. அவள் பாவம், முன்னால் திரும்பி மறுபடி முகர்ந்துகொண்டிருக்கிறாள். நான் அவளிடம் சுண்ணாம்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தபிறகு எப்படிச் சொல்வது.

அவள்மேல் தப்பில்லை, இங்கே எல்லோருக்கும் நான் அபிஷேகம் பெற்றவள். பரிசுத்த ஆவி ஒருவர்மேல் இறங்குவதை அபிஷேகம் என்பார்கள், இறங்கினால் உடம்பு நடுங்கும், விழுவார்கள், யாருக்கும் புரியாத பாஷை வாயில் வரும். அதற்காக வருஷக்கணக்கில் அழுது காத்திருக்கிறவர்கள் இந்தச் சபையில் உண்டு. எனக்குக் காத்திருக்காமலே இந்த வருஷம் இறங்கிவிட்டது. மாணவர்களுக்கான உபவாச ஜெபம் அன்றைக்கு. செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு போயிருந்தேன், அந்த வாரம் தூக்கமே கிடையாது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தூக்கம் கெடக்கூடாது, வயிறு காயக்கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்த இரண்டையும் சேர்த்தே செய்தேன், மூன்றாவதாக மாத்திரையையும் விட்டிருந்தேன். கீபோர்டும் கைத்தட்டலும் ஏறிக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. சுண்ணாம்பு வாசனை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தகரக் கூரை, அதில் சுற்றுகிற விசிறி, என்னைச் சுற்றிலும் தூக்கிய கைகள். அத்தனை பேரும் அழுதுகொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் காலுக்கு மேல் ஒரு சால்வை போட்டிருந்தது. என்னைச் சபைக்குக் கூட்டிவந்த கெசியா அக்கா என் தலைமாட்டில் மண்டியிட்டு, "பேசினடி, நீ பேசின, எங்களுக்குப் புரியாத பாஷைல பேசின" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னை யாரும் தொடவில்லையாம். ஆவியானவர் கிரியை செய்கிறபோது மனுஷக் கை படக்கூடாது, அது சபையின் ஒழுங்கு. சுற்றி நின்று துதிப்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. இன்றைக்கு இந்தத் தண்ணீரைப் பார்த்தபிறகுதான் புத்தியில் உறைக்கிறது. உள்ளே போனதும் எனக்கு வெட்டி இழுத்தால் பாஸ்டர் என்ன செய்வார். கையை எடுத்துவிடுவார். இரண்டு கையையும் மேலே தூக்கி ஸ்தோத்திரம் சொல்வார். எல்லோரும் சொல்வார்கள். நான் அடியில் கிடப்பேன், அவர்கள் துதித்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தர்கூடக் கெட்டவர் கிடையாது.

கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், எழுந்து போய்விடலாம். கெசியா அக்கா எம்.எஸ்ஸி. படிக்கிறாள், நாங்கள் ஒரே ஹாஸ்டல். நான் முதல் வருஷம் மெஸ் சோறு இறங்காமல் பாத்ரூமில் போய் அழுதுகொண்டிருந்தபோது கதவைத் தட்டியது அவள்தான். எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் தின்று முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கப்புறம்தான் "ஜெபிக்கலாமா" என்றாள். விழுந்த அன்றைக்கு என் பாவாடை நனைந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், தன் மாற்றுடையை உடுத்தவைத்து, அந்தப் பாவாடையைத் தானே அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நான் முதல் தடவை விழுந்தது எங்கள் ஊர்க் கோயிலில், நாசரேத்துப் பக்கம் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பேர், அசனப் பண்டிகை அன்றைக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே கோயில் வளாகத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பண்டிகை. சாம்பார் அண்டா பக்கத்தில் விழுந்தேன். கண் திறந்தபோது கையில் ஒரு சாவிக்கொத்து இருந்தது, இரும்பு பிடித்தால் நிற்குமாம். சுற்றிலும் இலையும் கையுமாக முகங்கள், எல்லாம் தெரிந்த முகங்கள், ஒன்றுகூட என் கண்ணைப் பார்க்கவில்லை. அம்மா என் பாவாடையை இழுத்து மூடிவிட்டு ஊருக்கே கேட்கிறமாதிரி, "வெயில்லா, காலைலயும் ஒண்ணும் திங்கல, அதான் கெறங்கிட்டா" என்றாள். வீட்டுக்குப் போகிற வழியில் என் தோளைப் பிடித்து, "யாருட்டயும் மூச்சு விட்டுராத பிள்ள. நாளைக்கு ஒருத்தன் வந்து பொண்ணு கேக்கணும்லா" என்றாள். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அன்றிலிருந்து வலிப்பு மாத்திரை எங்கள் வீட்டில் சத்து மாத்திரை. அது தீர்ந்தால் அப்பா எங்கள் ஊர்க் கடையில் வாங்க மாட்டார், பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போய் வாங்கிவருவார். என் ஆயுசில் நான் விழுந்ததற்குக் கைதட்டினவர்கள் இவர்கள் மட்டும்தான். இதை நான் யாரிடம் சொன்னாலும் புரியாது. அதே விழுதல், அதே நுரை, அதே ஈரம். அங்கே மூடி மறைத்தார்கள், இங்கே ஸ்தோத்திரம் சொன்னார்கள். எங்கே இருப்பாள் ஒருத்தி, சொல்லுங்கள்.

ஆனால் நாக்கு. நாக்கு இல்லாவிட்டால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அன்றைக்கு ஹாஸ்டலுக்கு வந்து ரசம் சாதம் வாயில் வைத்ததும் உயிர் போயிற்று. என் ரூம்மேட் கோகிலவாணி, ஈரோட்டுக்காரி, டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஏன்டி, நாக்கு ஓரமெல்லாம் இப்படிக் கிழிஞ்சிருக்குது, எங்க போய்க் கடிச்சுட்டு வந்த?" அபிஷேகம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன், சொல்லிவிட்டேன், ஆவியானவர் இறங்கினார் என்று. அவள் டார்ச்சை மறுபடி என் வாய்க்குக் காட்டினாள். "உங்க ஆவியானவர் கடிப்பாராக்கும்?" என்று கேட்டுவிட்டு டார்ச்சை அணைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவிசுவாசி, அவளுக்கு என்ன தெரியும் என்று போர்வைக்குள் கிடந்து பொருமினேன். பொருமிக்கொண்டே நாக்கை நகர்த்திப் பார்த்தேன், இடது ஓரம், எப்போதும் கடிபடுகிற அதே ஓரம். அன்றிலிருந்து இந்தக் கணக்கு முடிவதில்லை. கர்த்தர் வரவேண்டுமென்றால் எந்த வழியாகவும் வரலாம், என் உடம்பில் ஏற்கெனவே ஒரு வாசல் இருக்கிறது, அதன் வழியாக வந்தார் என்றால் என்ன குற்றம். டாக்டர் மூளைக்குள் மின்சாரம் தாறுமாறாகப் பாய்கிறது என்கிறார். மின்னலும் கர்த்தருடையதுதானே. நான் படிப்பதும் மின்சாரம்தான், மூன்று வருஷமாகப் படிக்கிறேன், ஷார்ட் சர்க்யூட்டுக்கு அல்லேலூயா சொல்ல வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. சரி, அப்படியானால் அசனத்தன்று வந்தது யார். அன்றைக்கும் அவர்தானா, சாம்பார் அண்டா பக்கத்தில். அப்போது மாத்திரை போட்டு நான் அடக்கி வைத்தது எதை. கர்த்தரையா. இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குத் தலை சுற்றும், முதலிலிருந்து தொடங்குவேன். நான் அங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் வந்தாரா இல்லையா என்று சாட்சி சொல்ல வேண்டியவள் நான், அந்த நேரம் பார்த்து நான் ஒருத்திதான் அங்கே இல்லை.

வரிசை நகர்கிறது. தண்ணீர் தளும்பிப் படியில் வடிகிற சத்தம் கேட்கிறது. கட்டைவிரல் சும்மாதான் இருக்கிறது, அல்லது நான் இறுக்கிப் பிடித்திருப்பதால் தெரியவில்லையா. விட்டுப் பார்க்கிறேன். லேசாக நடுங்குகிறது, கை முழுக்கத்தான் நடுங்குகிறது, அது பயம், பயத்துக்கு எல்லோருக்கும் நடுங்கும். போன வாரம் அம்மா போனில் கேட்டாள், "மாத்திரை போடுதியா பிள்ள, சத்து மாத்திரை?" பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் அவள் அப்படித்தான் சொல்வாள், போனுக்குக்கூடத் தெரியக்கூடாது. நான் "ஸ்தோத்திரம்மா" என்றேன். பொய் சொல்லக்கூடாது, சபையில் பொய் பெரிய பாவம், ஸ்தோத்திரம் பொய் ஆகாது. அம்மா, "அது என்ன பதிலு?" என்றாள். அவளுக்கு நான் ஞானஸ்நானம் எடுக்கப்போவது தெரியாது. தெரிந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். கைக்குழந்தையிலேயே ஊர்க் கோயிலில் வெள்ளைக் கவுன் போட்டு, பாதிரியார், எங்கள் ஊரில் அவரை அய்யர் என்போம், தலையில் தண்ணீர் தெளித்துப் பேர் வைத்தாயிற்று, இன்னொரு தரம் முழுகினால் முதலில் தெளித்தது செல்லாது என்றுதானே அர்த்தம், அப்போது நாங்க கிறிஸ்தவங்க இல்லையா பிள்ள என்பாள். செல்லாது என்றுதான் பாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். குழந்தைக்கு விசுவாசம் கிடையாது, விசுவாசம் இல்லாத தண்ணீர் வெறும் தண்ணீர். மருந்தும் அப்படித்தான். மாத்திரை போடுகிறவன் மாத்திரையை நம்புகிறான், கர்த்தரை நம்புகிறவன் எதற்கு இன்னொன்றை நம்ப வேண்டும். அதைக் கேட்ட அன்றைக்கே கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளை வெள்ளையாகச் சுற்றிக்கொண்டு போனது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது. இனிமேல் ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன், சபைக்கு வருகிற ஒரு முதல் வருஷத்துப் பெண், அவளை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. அவள் அப்பா குடிப்பார். அபிஷேகம் கிடைத்த மறுவாரம் வந்து என் முன்னால் மண்டியிட்டாள், "அக்கா, நீங்க தலைல கை வச்சு ஜெபிச்சா நிக்கும்க்கா." எழுந்திரு எழுந்திரு என்றேன், எழுந்திருக்கவில்லை. சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை வைத்தேன். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, சூடாக இருந்தது. என்ன ஜெபித்தேன் என்று தெரியாது. அடுத்த வாரம் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அப்பா ஒரு வாரமா தொடலக்கா" என்றாள். நான் கள்ளி என்றால் அவர் எப்படிக் குடியை நிறுத்தினார். நான் கள்ளி இல்லை என்றால் நாக்கு ஏன் கிழிந்தது. இப்போது நான் வாயைத் திறந்து எனக்கு வந்தது வலிப்பு என்று சொன்னால், அது அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும், அந்த மனுஷன் மறுபடி பாட்டிலைத் திறப்பார். ஒரு குடும்பத்தையே என் வாயில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அதுவாவது போகட்டும், சொன்னால் என்னை என்ன செய்வார்கள். அனுப்பிவிட மாட்டார்கள், அது எனக்குத் தெரியும், அனுப்பினால்தான் நல்லதாயிற்றே. வேதத்தில் ஒரு பையன் வருகிறான், நுரை தள்ளி விழுகிறவன், தீயிலும் தண்ணீரிலும் விழுகிறவன். அவனுக்குள் இருந்தது பிசாசு. நோய் என்று நான் சொன்ன உடனே இவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவார்கள். போன மாதம் ஒரு பெண்ணுக்குப் பிசாசு துரத்தினார்கள், கல்யாணமான புதுசு, மெலிந்த உடம்பு. முடியைப் பிடித்து நிறுத்தி, "உன் பேர் என்ன, சொல்லு, உன் பேர் என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் தன் பேரைத்தான் சொன்னாள். பொய் சொல்லாதே என்றார்கள். திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் களைத்துப்போய் வேறு ஏதோ ஒரு பேரைச் சொன்னாள், உடனே விட்டார்கள், எல்லோரும் ஆர்ப்பரித்தோம். ஆர்ப்பரித்தோம் என்றால் நானும்தான், முதல் வரிசையில் நின்று கைதட்டினேன். என்னை நிறுத்தி உன் பேர் என்ன என்று கேட்டால் நான் ஹெப்சிபா என்பேன். ஹெப்சிபா, ஹெப்சிபா என்று எவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

முன்னால் நின்ற பனியன் கம்பெனி அம்மா படியிறங்கிவிட்டாள். இனி நான்தான். வாசல் கதவு திறந்துதான் கிடக்கிறது, யாரும் பூட்டவில்லை, வெளியே மில் சுவரை ஒட்டிப் பத்தடி நடந்தால் பஸ் ஸ்டாப். போய் என்ன செய்வது. கோகிலவாணி இருக்கிற ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும். மாத்திரையைச் சத்து மாத்திரை என்று விழுங்கிக்கொண்டு, எவனாவது வந்து பெண் கேட்கிறவரை மூச்சு விடாமல் இருக்க வேண்டும். கர்த்தரே, நான் உம்மைக் கேலி செய்யவில்லை, எனக்கு நீர் வேண்டும், நிஜமாகவே வேண்டும், அதனால்தான் இவ்வளவு பயம். அன்றைக்கு வந்தது நீர்தான் என்று ஒரே ஒரு தடவை, நான் முழிப்பாக இருக்கும்போது சொல்லிவிடும், நான் கழுத்துவரை இறங்குகிறேன். நீர் இல்லை என்றால் அதையாவது சொல்லிவிடும். தண்ணீர் சத்தம்தான் வருகிறது, அந்த அம்மா முழுகி எழுந்து இருமுகிறாள், மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது, இருமலுக்கும் அல்லேலூயா. எனக்குப் பின்னால் கெசியா அக்கா துண்டும் என் மாற்றுடையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் சொல்லிவிடுவேன். வேறு யாரிடமும் இல்லை, அவளிடம் மட்டும்.

"அக்கா."

"பயப்படாதடி. தண்ணி கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான்."

"அக்கா, அன்னிக்கு வந்தது அபிஷேகம் இல்லக்கா. வலிப்பு. எனக்கு ஸ்கூல் படிக்கும்போதே உண்டு. மாத்திரைய விட்டுட்டேன், அதான் வந்திருக்கு. நான் யாருட்டயும் சொல்லல."

சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்ன வாக்கியமா அது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. துண்டைப் பிரித்து மறுபடி அதே மடிப்பில் மடித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படிக்கா?"

"பாவாடைய அலசினவளுக்குத் தெரியாதா. என் தம்பிக்கும் இருந்துச்சு. யாபேசுக்கு. உன்னை மாதிரியேதான், கீழ விழுந்து, நாக்கக் கடிச்சு, எல்லாம். அப்பா மாத்திரைய நிப்பாட்டிட்டு விசுவாசத்துல வச்சாங்க. மாசக்கணக்கா ஒண்ணுமே வரல தெரியுமா. எங்க ஊர்ச் சபையில அவன மேடை ஏத்திச் சாட்சி சொல்ல வச்சாங்க."

"இப்ப எங்கக்கா இருக்கான்?"

"கர்த்தர்கிட்ட."

அவள் அதைச் சொன்ன விதத்தில் அழுகை இல்லை. ஹாஸ்டலில் இருக்கிறான், ஊரில் இருக்கிறான் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சபையில் செத்துப்போனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நித்திரையடைந்தார் என்பார்கள். நான் வேண்டுமென்றே கேட்டேன், எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"எப்படிக்கா செத்தான்?"

"கெணத்துல குளிக்கப் போனான்" என்றாள். "நல்லா நீந்துவான்." பிறகுதான் அவள் தொட்டியைப் பார்த்தாள். காலையிலிருந்து இங்கேயேதான் நிற்கிறாள், இப்போதுதான் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. "நீ இறங்குடி. உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ நல்லா எழும்பி வருவ. நீ மட்டும் நல்லா எழும்பி வந்துட்டா..." மீதி எனக்கே புரிந்தது. ஒருத்தியாவது மாத்திரை இல்லாமல் தண்ணீரிலிருந்து எழும்பி வந்துவிட்டால், அவள் அப்பா செய்தது தப்பில்லை. அவள் தம்பியைக் கர்த்தர்தான் எடுத்துக்கொண்டார், வேறு யாரும் கொல்லவில்லை. அதற்கு நான் வேண்டும். அதற்காகத்தான் என் பாவாடையை அலசினாளா. இல்லை, அதற்காக மட்டும் இல்லை, அவள் நல்லவள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானாவது நான் விழுந்ததற்கு அர்த்தம் தேடுகிறேன், இவள் ஒரு பையன் செத்ததற்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"சகோதரி ஹெப்சிபா" என்று பாஸ்டர் கூப்பிடுகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், எனக்கென்று தனியாகச் சத்தம் உயர்கிறது, அந்த முதல் வருஷத்துப் பெண் முன்னால் வந்து நின்று இப்போதே அழுகிறாள். சுண்ணாம்பு வாசனை இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. போய்விடலாம் என்று தோன்றுகிறது. வாசலுக்கு இல்லை, தண்ணீருக்கு. எழும்பினால் எழும்பட்டும், எழும்பாவிட்டால் போகட்டும், எப்படியானாலும் இந்த யோசனை நின்றுவிடும், எனக்கு அது போதும். முதல் படியில் கால் வைக்கிறேன். தண்ணீர் கணுக்காலில் ஏறுகிறது, அக்கா சொன்னது சரி, ஜில்லென்றுதான் இருக்கிறது. அடுத்த படிக்குக் கால் போகிறது, உடம்பு போகவில்லை. பின்னாலிருந்து இழுக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். துண்டும் மாற்றுடையும் ஈரத்தில் கிடக்கின்றன. கெசியா அக்கா இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். அவள் வாய் மற்றவர்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. "விடுங்கக்கா, கூப்பிடுறாங்க" என்கிறேன். பாஸ்டர் தண்ணீரை விலக்கிக்கொண்டு கையை நீட்டி வருகிறார், "தயங்காதே மகளே, வா" என்கிறார். "அக்கா, விடுங்க." அவள் விடவில்லை.